சொந்தமாக மாற்றிய வேனுக்கு இடம் மறுத்த முகாம்: செய்யக்கூடியவை

வணக்கம். ஃபோர்டு டிரான்சிட் வேனை நீங்களே தங்கும் வண்டியாக மாற்றி, இங்கிலாந்தின் கார்ன்வாலில் முன்பதிவு செய்த சுற்றுலா முகாமின் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) வாசல்வரை போன பிறகு, பதிவுச் சான்றிதழில் ‘பேனல் வேன்’ (மூடிய சரக்கு வேன்) என்றிருப்பதைக் காட்டிக் குழந்தைகளோடு திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது.

பிரிட்டனில் இத்தகைய முகாம்கள் பெரும்பாலும் தனியார் நிலங்கள் என்பதால், மறுப்பை எதிர்த்து வாதாடுவது கடினம். ஆனால் அந்த விதி முன்பதிவின்போது உங்களிடம் சொல்லப்படவில்லை என்றால், முழுப் பணத்தையும் எழுத்துமூலம் திரும்பக் கேளுங்கள்.

சான்றிதழில் வண்டி வகையைத் தங்கும் வண்டி என மாற்ற, பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்கு விண்ணப்பிக்கலாம். உள்ளே கட்டிலும் அடுப்பும் இருப்பது மட்டும் போதாது. ஒரு பக்கத்திலாவது இரண்டு ஜன்னல்கள், தங்கும் பகுதிக்குத் தனிக் கதவு, பக்கவாட்டில் பந்தல் துணியை மாட்டும் கம்பி, நிலையான உயர்ந்த கூரை (தூக்கி மடக்கும் கூரை கணக்கில் வராது) என வெளித்தோற்றத்தையும் பார்க்கிறார்கள்.

அதுவரை, முன்பதிவுக்கு முன்பே வேனின் படங்களையும் எரிவாயுப் பரிசோதனைச் சான்றையும் அனுப்பிவிடுங்கள். உரிமையாளர்கள் பலருக்கும் உள்ளூர இருப்பது தீ விபத்து பற்றிய அச்சம்தான் என்பது என் கணிப்பு. சிலிண்டர் பெட்டியின் அடியில், கசியும் வாயு கீழே வெளியேறுவதற்காக விட்ட துளையை அருகில் எடுத்த ஒரே படத்தைப் பார்த்த பிறகுதான், முதலில் மறுத்த பண்ணைக்காரர் ஒருவர் எனக்கு இடம் தந்தார்.