எஞ்சின் மட்டும் பெரிதானால் போதுமா?

கேள்வி: சொகுசுக் குடும்பக் காரில் பெரிய எஞ்சினைப் பொருத்திவிட்டால் அதிவேகக் கார் தயார்தானே? நிறுவனங்கள் ஏன் ஆண்டுக்கணக்கில் பாடுபடுகின்றன?

பதில்: எஞ்சினைப் பொருத்திய பிறகுதான் உண்மையான வேலையே தொடங்கும். எனக்கு மிகவும் பிடித்த மெர்சிடிஸ் 500இ காரையே பாருங்கள். 1990 பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான கார் அது. ஜெர்மனியில் டாக்ஸியாகவும் ஓடிய டபிள்யூ124 என்ற மெர்சிடிஸ் செடானுக்குள், 500 எஸ்எல் ஸ்போர்ட்ஸ் காரின் 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைப் புகுத்த வேண்டும். மெர்சிடிஸ் இந்தப் பொறுப்பைப் பக்கத்திலேயே இருந்த போர்ஷேயிடம் கொடுத்தது. விற்பனை சரிந்து தவித்த போர்ஷேக்கும் அந்த வேலை தேவைப்பட்டது.

எஞ்சின் உள்ளே வந்ததும் பேட்டரி டிக்கிக்குப் போனது. 326 குதிரைத்திறனைக் கட்டுப்படுத்த, எஸ்எல்லின் பிரேக்குகள் வந்தன. அகலமான சக்கரங்களுக்காக மட்கார்டுகள் புடைத்ததில் காரின் அகலம் 56 மி.மீ. கூடியது. இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதற்கே மெர்சிடிஸின் சிண்டல்ஃபிங்கன் ஆலையின் உற்பத்தி வரிசையில் இடமில்லை! எனவே உடற்பாகங்கள் சுஃபன்ஹவுசனில் உள்ள போர்ஷே ஆலைக்குப் போயின. அங்கே கூடு தயாரானதும் பெயின்ட் அடிக்கச் சிண்டல்ஃபிங்கனுக்குத் திரும்பின. எஞ்சின் பொருத்த மறுபடி போர்ஷே. கடைசிச் சோதனைக்கு மறுபடி மெர்சிடிஸ். ஒரு கார் முடிய 18 நாள் ஆனது. இந்த அலைச்சலைக் கணக்குப் பார்த்து யாராவது நிறுத்தியிருந்தால், இந்தக் கார் பிறந்தே இருக்காது.

நான் பெரிதும் மதிப்பது அதன் பின்சீட்டை. எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெரிய டிஃபரன்ஷியலுக்கு இடம் விட்டதில் நடுவில் ஒருவர் உட்கார முடியாமல் போனது. பின்னால் தனித்தனியாக இரண்டு இருக்கைகள் மட்டுமே. குடும்பக் காரில் ஓர் ஆளின் இடத்தை விட்டுக்கொடுப்பது சாதாரண முடிவல்ல. ஐந்தாவது ஆளுக்காக இயந்திரத்தில் சமரசம் செய்யாததைச் சரி என்றே சொல்வேன். 100 கி.மீ. வேகத்தை ஏறக்குறைய 6 விநாடியில் தொட்ட கார், வெளிப்பார்வைக்கு அடக்கமான செடானாகவே நின்றது.

கேள்வி: இதற்கு முன்னோடி உண்டா?

பதில்: உண்டு, அதே நிறுவனத்தில். பொறியாளர் எரிக் வாக்சன்பெர்கர், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், 600 லிமோசினின் 6.3 லிட்டர் வி8 எஞ்சினை அதைவிடச் சிறிய செடானில் பொருத்தினார். அதுவே 1968 ஜெனீவா கண்காட்சியில் 300 எஸ்இஎல் 6.3 என்று வெளிவந்தது. கார்களைப் பந்தயத்துக்கு மாற்றியமைக்கும், அப்போது தனி நிறுவனமாக இருந்த ஏஎம்ஜி அந்த எஞ்சினை 6.8 லிட்டராகப் பெருக்கி, 1971இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் இறக்கியது. அந்தக் கனமான சொகுசுக் கார் இரண்டாம் இடம் பிடித்தது.