சாயப்பட்டறை வீட்டுப் பெண் சுற்றுச்சூழல் படிக்கலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாப்பா பிளஸ் டூவில் வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். சுற்றுச்சூழல் பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள். திருப்பூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக டையிங் மாஸ்டராக, அதாவது சாயமேற்றும் வேலைக்குப் பொறுப்பாளராக இருக்கும் உங்கள் கணவர், "நமக்குச் சோறு போட்ட தொழிலை மூடவைக்கிற படிப்பு இந்த வீட்டுக்கு எதற்கு?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து இரண்டு வாரமாக அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை என்கிறீர்கள்.

அவருடைய கோபத்தைப் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, பிளீச்சிங் ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அந்தக் கோடையில் படிப்பு ஆலோசனைக்காக என்னிடம் வந்த பெற்றோர்கள் எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்கவில்லை. பையனை ஒரு வருடம் நிறுத்திவைத்தால் பிறகு சேர்த்துக்கொள்வார்களா என்றுதான் கேட்டார்கள். உங்கள் வீட்டிலும் அந்த மாதங்கள் எப்படிக் கழிந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மறந்துவிடு என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது.

அதே ஆண்டு, திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்தும் பெற்றோர்கள் வந்தார்கள். தோட்டம் இருந்தும் கிணற்றுநீர் உப்பேறிப்போனதால் பிள்ளையை ஊரைவிட்டு எங்காவது அனுப்பிவிடத் துடித்தவர்கள். ஓரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. அதில் சாயக்கழிவு வந்து தேங்கியது. அணையைத் திறக்காதீர்கள் என்று அதன் பாசனப் பகுதியான ஆயக்கட்டின் விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. நீதிமன்றத்துக்குப் போனவர்களும் அவர்கள்தான். உங்கள் வீட்டு அடுப்பு அணைந்ததை நான் எவ்வளவு பெரிதாக நினைக்கிறேனோ, அந்தத் தோட்டங்கள் பாழானதையும் அவ்வளவு பெரிதாகவே நினைக்கிறேன். இரண்டில் ஒன்றைச் சிறிதாக்கிவிட்டு உங்களுக்குப் பதில் எழுத என்னால் முடியாது.

பட்டறைகளை மூடவைத்தது உண்மையில் உப்பு. இதை உங்கள் கணவர் என்னைவிட நன்றாக அறிவார். பருத்தி தண்ணீரில் நனையும்போது அதன்மேல் எதிர்மின்சுமை இருக்கும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே சுமைதான். ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கி, சாயத்தைத் துணியில் ஏற்றத்தான் உப்புப் போடுகிறார்கள். அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 80 கிராம்கூடப் போகும். ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. அதில் ஒரு துளிகூடத் துணியோடு தங்குவதில்லை. வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு முழுவதும் தண்ணீரோடு வெளியே வந்துவிடுகிறது. நுண்ணுயிர்கள் கழிவின் அழுக்கைத் தின்னும், உப்பைத் தின்னாது. வெளியேறும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. பழைய சுத்திகரிப்பு முறையால் அதை எட்டவே முடியவில்லை.

ஆலைகள் மறுபடி ஓடத் தொடங்கியது, ஒரு சொட்டும் வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு மாறிய பிறகுதான். முதலில் உயிரியல் முறைச் சுத்திகரிப்பு, அடுத்து உப்பை வடிகட்டிப் பிரிக்கும் ஆர்.ஓ., அதில் மிஞ்சும் அடர் உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்க இவாப்பரேட்டர். நல்ல தண்ணீர் பட்டறைக்கே திரும்புகிறது. தெளிந்த உப்புக்கரைசல் மறுபடி சாயத்தொட்டிக்கே போகிறது. ஆனால் எல்லாம் முடிந்துவிடவில்லை. பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பும் சேறும் கொட்டகைகளில் குவிகின்றன. இவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகு எரிய வேண்டும். தண்ணீரைக் காப்பாற்றப் புகையைக் கூட்டுகிறோம். செலவும் பட்டறைக்காரர்களின் கழுத்தை நெரிக்கிறது. இந்த முடிச்சுகளை அவிழ்க்க ஆள் வேண்டும். உங்கள் மகள் கேட்கும் படிப்பு அதற்கானது.

இன்னொன்றையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள். நிறம் முதல் தடவையே சரியாக விழாமல் ஒரு லாட்டை, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றும் துணியை, ரீடையிங் செய்தால் (மறுபடி சாயமேற்றினால்) தண்ணீரும் உப்பும் நீராவியும் இன்னொரு மடங்கு போகின்றன. முதல் தடவையிலேயே ஷேடைப் பிடிக்கும் டையிங் மாஸ்டர், சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் சுமையைத் தன் கையாலேயே குறைக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் செய்துவந்தது இந்த வேலையும்தான். இதற்கு யாரும் அவருக்குப் பட்டயம் கொடுக்கவில்லை, இதுவும் சுற்றுச்சூழல் வேலைதான் என்றும் சொல்லவில்லை. மகள் படிக்கப்போவது அவர் தொழிலுக்கு எதிரான பாடம் என்று அவர் நினைப்பதில் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம், தன் வேலையின் மதிப்பை அவரே குறைத்து எடைபோடுகிறாரே என்பதுதான்.

இனி படிப்பைப் பற்றி. இங்கே நான் பாப்பாவோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். இளநிலையிலேயே சுற்றுச்சூழல் பொறியியல் எடுப்பதைவிட, வேதிப்பொறியியலோ ஜவுளித் தொழில்நுட்பமோ படித்துவிட்டு, முதுநிலையில் சுற்றுச்சூழலுக்கு வருவது நல்லது. வேலை அறிவிப்புகளில் அடிப்படைப் பட்டம் என்று கேட்கும்போது வேதிப்பொறியியலுக்கும் சிவிலுக்கும் கதவு அகலமாகத் திறக்கிறது. அதைவிட முக்கியமாக, கழிவு எங்கே பிறக்கிறது என்று தெரியாதவர் குழாயின் கடைசியில் மட்டுமே நின்றுகொண்டிருப்பார். முதுநிலைக்கான கேட் (GATE) தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியலுக்குத் தனித்தாளே இருக்கிறது. திருப்பூர் வேண்டாம் என்றாலும் வழி உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அறிவித்தது. அங்கும் இதே கல்வி தேவைப்படுகிறது.

கட்டணத்துக்காகத் தயங்காதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதில் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். பள்ளியில் படிப்புச் சான்று வாங்கி வையுங்கள். கட்-ஆஃப் கணக்கில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. வேதியியலில் நல்ல மதிப்பெண் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், கணித மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. அதையும் எழுதி அனுப்புங்கள்.

வேலை எப்படி இருக்கும் என்பதை மறைக்க மாட்டேன். சுத்திகரிப்பு நிலையத்தில் தொடக்கச் சம்பளம் குறைவு. மென்பொருள் வேலைக்குப் போகும் சிநேகிதியின் சம்பளத்தைக் கேட்டால் முதல் சில ஆண்டுகள் மனம் சுருங்கும். இரவு ஷிப்ட் உண்டு. தொட்டிகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்ந்து நின்றால் இறங்குகிற ஆளை நிமிடங்களில் சாய்த்துவிடும். "நானும் இறங்க மாட்டேன், காற்றைச் சோதிக்காமல் எந்தத் தொழிலாளியையும் இறங்கச் சொல்லவும் மாட்டேன்" என்று சொல்லும் துணிச்சல் முதல் நாளிலேயே வேண்டும். மழை பெய்யும் இரவில், வால்வைக் கொஞ்சம் திறந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் வருவார்கள். ஆய்வக அளவைக் குறைத்து எழுதச் சொல்பவர்களும் வருவார்கள். நான் ஆலோசனை சொன்ன ஒரு பையன் அப்படிக் கேட்ட ஓர் இடத்தில் வேலையை விட்டான். நான்கு மாதம் சும்மா இருந்தான், அவன் வீடு கஷ்டப்பட்டது. அவன் செய்தது சரி என்று நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் அந்த நான்கு மாதத்தைத் தாங்குவதற்கு வீடு துணையாக இருக்க வேண்டும். அதனால்தான் அப்பாவின் சம்மதத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவரை மீறிப் படிக்கவைப்பது எளிது. அப்படிப்பட்ட ஒரு ராத்திரியில் அவள் போனை எடுத்து யாரைக் கூப்பிடுவாள்?

கலந்தாய்வுக்கான கல்லூரி விருப்பப் பட்டியலை நிரப்புவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. முதலாளியிடம் அனுமதி கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைத் தன் பட்டறைக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். சாயமேற்றும் சாஃப்ட்ஃப்ளோ மெஷினில் தொடங்கி, உப்பு கரைக்கும் இடம், கழிவு சேரும் தொட்டி, அங்கிருந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் குழாய் வரை அவரே காட்டட்டும். பாப்பா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போகட்டும். ஒரு லாட்டுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு, மாதத்தில் எத்தனை லாட் ரீடையிங் ஆகிறது என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேட்கட்டும். எழுதிய நோட்டோடு இருவரும் சேர்ந்து என்னிடம் வரட்டும். எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று அன்றைக்கு உட்கார்ந்து பேசுவோம்.