சும்மா போய் வரலாமா?

அன்புள்ள அக்கா,

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்து, போன வருஷத்தோடு நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில். தை, மாசிப் பனியில் எனக்கு முழங்கால் வலி தாங்காது. "பெப்ரவரியில் கொஞ்ச நாள் வெயில் பக்கம் போவோம், கடலையும் பார்க்கலாம், பூந்தோட்டங்களையும் பார்க்கலாம்" என்கிறார் அவர். ஆட்டோவிலேயே போகலாமாம். லயத்தில் சொன்னால், கோயிலுக்கா, கல்யாணத்துக்கா, யாருக்கும் சுகமில்லையா என்று கேட்கிறார்கள். சும்மாதான் என்றால் சிரிக்கிறார்கள். தெற்கில் நமக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. எந்தப் பாதையில் போவது, எதைப் பார்ப்பது? இந்த வயதில் இப்படிச் சும்மா கிளம்புவது சரிதானா?

மு., தலவாக்கலை

அன்புள்ள மு.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போங்கள். சிரிக்கிறவர்களிடம் "கதிர்காமம்" என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் போகிற வழியில் வரும் திஸ்ஸமஹாராமவிலிருந்து அரை மணி நேரம்தான். ஒரு எட்டுப் போய்க் கும்பிட்டுவிட்டால் பொய் சொன்னதாகவும் ஆகாது.

நம் ஆட்கள் பஸ் ஏறுவதற்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும். சிவனொளிபாதமலை, கதிர்காமம், திருவிழா, சாவு வீடு, ஆஸ்பத்திரி. காரணமில்லாமல் ஊர் பார்க்க வருகிறவர்கள் வெள்ளைக்காரர்கள்தான். அவர்கள் பார்க்க வந்ததில் நாமும் சேர்த்தி. கூடையோடு மலையில் நிற்கும் உங்களை எத்தனையோ பேர் படம் பிடித்திருப்பார்கள். அதில் ஒரு படமாவது உங்கள் கைக்கு வந்ததா? இவ்வளவு நாளும் அவர்கள் பார்த்தார்கள், இனி நீங்கள் போய்ப் பாருங்கள். இதற்கு மேல் காரணம் எதற்கு?

மாதத்தை உங்கள் வீட்டுக்காரர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். தென்மேல் பருவமழை மே மாதம்தான் தொடங்கும். அதுவரை தென்கரையில் கடல் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். நுவரெலியாவில் பனி கொழுந்தைக் கருக்குகிற நாட்களில் அம்பாந்தோட்டையில் வெயில் கொளுத்தும்.

நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, எல்ல, வெல்லவாய என்று இறங்குங்கள். சீதையம்மன் கோயிலைத் தாண்டியதும் ஹக்கலைப் பூங்கா. அங்கே 1861இல் முதலில் வைத்தது பூச்செடி இல்லை, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து எடுக்கிற சின்கோனா மரம். 1884இல்தான் பூந்தோட்டமாக மாற்றினார்கள். பக்கத்தில் இருப்பதாலேயே நம்மில் பலர் உள்ளே போனதில்லை. போய்ப் பாருங்கள், ஸ்வெட்டர் தேவைப்படுகிற கடைசி இடம் அதுதான்.

எல்லயிலிருந்து வெல்லவாய வரைக்கும் மட்டும் அவரை எச்சரிக்கையாக ஓட்டச் சொல்லுங்கள். ஆயிரம் மீற்றர் உயரத்திலிருந்து ஒரே இறக்கம். 2025 செப்டெம்பரில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தது இந்தப் பாதையில்தான். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். ஆரம்பத்திலேயே கியரைக் குறைத்து, எஞ்சின் இழுத்துப் பிடிக்கிற வேகத்தில் இறங்க வேண்டும். நடுவில் இராவணன் நீர்வீழ்ச்சி ரோட்டோரமாகவே இருக்கிறது. அங்கே நிறுத்தினால் பிரேக்கும் ஆறும். வெல்லவாயவைத் தாண்டித் தனமல்வில பக்கம் யானை நடமாட்டம் உண்டு, பகலிலேயே கடந்துவிடுங்கள்.

திஸ்ஸப் பக்கம் ரோட்டோரக் கடைகளில் எருமைத்தயிர்ச் சட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத கட்டித் தயிர். கரண்டியால் வெட்டி எடுத்து, மேலே கித்துள் பாணியை ஊற்றித் தருவார்கள். சாப்பாட்டைப் பற்றி இது போதும், மீனை நான் சொல்லித்தானா தின்னப் போகிறீர்கள்?

அம்பாந்தோட்டைக்குப் பக்கத்தில் மிரிஜ்ஜவிலவில் 300 ஏக்கரில் ஒரு தாவரவியல் பூங்கா இருக்கிறது. 2013இல் திறந்தார்கள். நாட்டின் வறண்ட பகுதிக்கு இதுதான் முதல் பூங்கா. பேராதனை மாதிரி நிழலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் உங்களுக்கு வேண்டியது வெயில்தானே? காலையிலேயே போய்விடுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், உள்நாட்டுக்காரர்களுக்குக் கட்டணம் குறைவு.

அதற்குப் பிறகு கடலோரமாகவே தங்காலை, திக்குவல்லை, மாத்தறை, காலி. அதிவேகப் பாதையில் ஆட்டோவை விடமாட்டார்கள், அதுவும் நல்லதுக்குத்தான்; அந்தப் பாதையில் கடல் தெரியாது. யாரும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். திக்குவல்லை, வெலிகம, காலி, பேருவளை எல்லாம் முஸ்லிம்கள் தமிழ் பேசும் ஊர்கள். திக்குவல்லை தமிழுக்கு எழுத்தாளர்களைத் தந்த ஊர். டீக்கடையில் தமிழில் பேசிப் பாருங்கள், எந்த ஊர் என்று விசாரிக்காமல் விடமாட்டார்கள். நீந்தத் தெரியாவிட்டால் குளிக்க மாத்தறைப் பொல்ஹேன நல்லது. கடலுக்குள் இருக்கிற பாறைத்திட்டு அலையை உடைத்துவிடும், இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கலாம். முழங்காலுக்கும் இதம்.

மாத்தறைக்குக் கொஞ்சம் முன்னால் தெவிநுவர. நாம் தொண்டேச்சரம் என்று சொல்வது அந்த இடத்தைத்தான். அங்கிருந்த பெரிய கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தார்கள். இன்று இருப்பது விஷ்ணு தேவாலயம். சீனக் கப்பற்படைத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டு போட்ட ஒரு கல்வெட்டு காலியில் கிடைத்தது. சீனம், பாரசீகம், தமிழ் என்று மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்கு, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. தமிழ்ப் பகுதி இந்தத் தெவிநுவரக் கடவுளைத் 'தெனவரை நாயனார்' என்று சொல்லி, அவருக்குக் கொடுத்த பொன்னையும் வெள்ளியையும் பட்டையும் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறது. அந்தக் கல்லை 1911இல் எங்கே கண்டெடுத்தார்கள் தெரியுமா? காலியில் ஒரு மதகில். அத்தனை காலம் அதன் மேல் வண்டி ஓடியிருக்கிறது! காலியில் போய்த் தேடாதீர்கள், கல் இப்போது கொழும்பு நூதனசாலையில். பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

அஹங்கம, கொக்கலப் பக்கம் கடலில் நட்ட கம்பில் குந்தி மீன் பிடிக்கிறவர்களைப் பார்ப்பீர்கள். இப்போது பல இடங்களில் மீனுக்காக யாரும் ஏறுவதில்லை, படம் பிடிக்கிறவர்களுக்காகத்தான் ஏறுகிறார்கள். இறங்கி வந்து காசும் கேட்பார்கள். அதைப் பார்த்து ஏமாற்றுவேலை என்று திட்டுகிற ஆட்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கேமராவுக்கு முன்னால் கூடையோடு நின்ற உங்களுக்கு அது புரியும். படம் எடுத்தால் காசைக் கொடுத்துவிடுங்கள், பேரம் பேச வேண்டாம்.

காலிக் கோட்டையைச் சாயங்காலம் மதில் மேல் நடந்தே பார்க்கலாம், வழிகாட்டி தேவையில்லை. ஹிக்கடுவையைத் தாண்டியதும் பெரேலியவில் 2004 சுனாமியில் ரயிலோடு போனவர்களின் நினைவிடம். அங்கே கொஞ்சம் நிறுத்துங்கள்.

பெந்தோட்டையில் லுனுகங்க. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1940களின் கடைசியில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கி, ஆயுள் முழுக்கச் செதுக்கிய இடம். வீட்டிலிருந்து பார்வை தடைப்படக் கூடாது என்று குன்றின் தலையையே வெட்டிக் குறைத்திருக்கிறார். அரலியா மரக் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, தான் நினைத்த பக்கம் வளைத்திருக்கிறார். அழகுதான், மறுக்கமாட்டேன். ஆனால் தோட்டத்தில் பிறந்தவளுக்கு, அந்த மண்ணை வெட்டி அள்ளியது யார் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. உள்ளே விடும் நேரத்தை முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். அவருடைய அண்ணன் பெவிஸ் 1929இல் தொடங்கிய பிரீஃப் தோட்டமும் பக்கத்தில் களவிலவில்தான். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் பிரீஃபுக்குப் போவேன். அங்கே செடிகள் கொஞ்சம் தன்னிஷ்டத்துக்கு வளர்ந்திருக்கும்.

ஒன்று கேட்கிறேன். காலி, மாத்தறைப் பக்கம் கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே போனாலே தேயிலை வந்துவிடும். நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் இந்தப் பள்ள நாட்டுத் தேயிலைதான். பெரும்பாலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிற சிறு தோட்டக்காரர்கள். சொந்த நிலத்தில் கிள்ளி, ரோட்டுக்கு வரும் லொறியில் நிறுத்துப் போடுகிறார்கள். துரையும் இல்லை, கங்காணியும் இல்லை. அப்படி ஒரு பெண்ணோடு கொஞ்ச நேரம் பேசுங்கள். றாத்தல் கணக்கு, மழைக்காலம், கொழுந்து விலை என்று உங்கள் இருவருக்கும் பேச நிறைய இருக்கும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கொழுந்தையும் கையால் கிள்ளிப் பாருங்கள். அது எப்படி என்று என்னைவிட உங்களுக்குத்தான் சொல்லத் தெரியும்.

திரும்பும்போது பாணந்துறையில் உள்ளே திரும்பி ஹொரணை, அவிசாவளை, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறிவிடலாம். கொழும்பு நெரிசல் மிச்சம்.

அன்புடன்,
அக்கா