ஆட்டோ நின்றது, போர் நிற்குமா?

கேள்வி: தருமபுரி நாலு ரோட்டில் இருபது பேர் அட்டை பிடித்துக்கொண்டு, கடல் தாண்டி நடக்கும் போரை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். நான் வந்த ஆட்டோ அரை மணி நேரம் நின்றதுதான் மிச்சம். ஜனங்கள் எதிர்த்து ஒரு வெளிநாட்டுப் போர் நின்றதாக, அந்த வியட்நாமை விட்டால் வேறு சரித்திரம் உண்டா?
– பெயர் போட வேண்டாம் என்றவர், காவேரிப்பட்டணம்

பதில்: உண்டு, அமெரிக்க விடுதலைப் போர். அதில் தோற்றவர் உங்கள் ஊரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதி வாங்கியவர்தான். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்புவிடமிருந்து பாராமகாலை, அதாவது உங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமையை, பெற்ற கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸைச் சொல்கிறேன். (கிருஷ்ணகிரிக் கோட்டையைச் சண்டையில் பிடிக்க முடியாமல், கடைசியில் காகிதத்தில் பிடித்தார்கள்.) பத்து வருடம் முன்பு, 1781 அக்டோபரில், இதே காரன்வாலிஸின் படை அமெரிக்காவில் யார்க்டவுனில் சரணடைந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லி அவர் அந்தச் சடங்குக்கே போகவில்லை, கீழ் அதிகாரியை அனுப்பிவிட்டார்.

அத்தோடு போர் முடிந்துவிடவில்லை. நியூயார்க் அப்போதும் பிரிட்டிஷார் கையில்தான் இருந்தது. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் இன்னும் ஒரு கை பார்க்கலாம் என்றார். பார்லிமெண்ட் கேட்கவில்லை. 1782 பிப்ரவரி 27 அன்று அமெரிக்கா மீது படையெடுப்பது போதும் என்ற தீர்மானம் 234-க்கு 215 என்ற கணக்கில் நிறைவேறியது. அடுத்த மாதமே பிரதமர் நார்த் ராஜினாமா. ஓட்டுப் போட்டவர்களில் பலர் பெரிய நிலக்காரர்கள். போருக்காக நிலவரி, இருபது ஷில்லிங் கொண்ட ஒரு பவுண்டுக்கு நாலு ஷில்லிங் ஆகியிருந்தது, அதாவது அஞ்சில் ஒரு பங்கு. அமெரிக்கர் மேல் பாசம் வந்ததால் அல்ல, மடியில் கை வைத்ததால் எழுந்தார்கள்.

இப்போது உங்கள் வியட்நாமுக்கு வருவோம். 'அதை விட்டால்' என்று எவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட்டீர்கள்! அங்கே வரியைவிடப் பெரிய கை வீட்டுக்குள் நுழைந்தது. 1969 டிசம்பர் 1 அன்று, பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்க வாஷிங்டனில் குலுக்கல், அதற்கு ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் 366 நீலக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி. நம் ஊரில் குலுக்கல் சீட்டு எடுக்கும் அதே முறை. இங்கே சீட்டு விழுந்தால் பணம் வரும், அங்கே விழுந்தால் பையன் போவான். முதலில் வந்தது செப்டம்பர் 14. டி.வி.யில் உட்கார்ந்து பார்த்த தாய்க்கு வியட்நாம் எங்கே இருக்கிறது என்று யாரும் அட்டை பிடித்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் ஊர்வலம் போனது, போர் நின்றது என்று கதை சொல்ல மாட்டேன். 1969 நவம்பரில் வாஷிங்டனில் லட்சக்கணக்கில் கூடினார்கள். அதற்கப்புறமும் அமெரிக்கா மூன்று வருடம் அங்கே போரிட்டது. 1972 தேர்தலில் ஜனாதிபதி நிக்சன் ஐம்பதில் நாற்பத்தொன்பது மாநிலங்களை அள்ளினார். எதிர்ப்பு செய்த வேலை வேறு. 1968-ல் தளபதிகள் இன்னும் இரண்டு லட்சத்து ஆறாயிரம் பேர் கேட்டபோது அன்றைய ஜனாதிபதி ஜான்சன் அந்தக் கணக்கில் கொடுக்கவில்லை. தானும் மறுபடி போட்டியிடப் போவதில்லை என்றார். 1969 செப்டம்பரில் நிக்சன், ஆர்ப்பாட்டம் என்னை அசைக்காது என்று நிருபர்களிடம் சொன்னார். அதே நேரம், நவம்பர் 1-க்குள் வழிக்கு வராவிட்டால் பலமாக அடிப்போம் என்று வட வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்கு ரகசியக் கெடு விதித்திருந்தார். கெடு வந்தது, அடி விழவில்லை. நடுவில் அக்டோபர் 15 அன்று ஊர் ஊராக நடந்த எதிர்ப்பு தன் மிரட்டலின் பல்லைப் பிடுங்கிவிட்டது என்று பின்னால் அவரே எழுதினார். நடக்காமல் போன குண்டுவீச்சுக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை, அதனால் உங்கள் கண்ணில் படவில்லை.

ஆட்சியாளர்களும் பாடம் படித்தார்கள். 1973-ல் கட்டாய ஆள்சேர்ப்பை அமெரிக்கா நிறுத்தியது. 2003 பிப்ரவரி 15 அன்று உலகம் முழுக்க, லண்டனில் மட்டும் லட்சக்கணக்கில், ஈராக் போருக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். ஒரே மாதத்தில் குண்டு விழுந்தது. சம்பளப் பட்டாளம், கடன் வாங்கிய பணம். யார் வீட்டு ஜாடியிலும் குப்பி இல்லை.

நம் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1987-ல் இலங்கைக்குப் போன அமைதிப்படைக்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆனால் படையைத் திரும்பக் கூப்பிட வைத்ததில் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசாவின் பிடிவாதத்துக்கும் டெல்லியில் வி.பி.சிங் வந்ததற்கும்தான் பெரிய பங்கு. சுமார் 1,200 பேரை இழந்துவிட்டு 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. அனுப்பியவர்கள் மேல் இருந்த கோபத்தைக் காட்ட அவருக்கு நியாயம் இருந்தது. ஆனால் கப்பலில் வந்தவன் உத்தரவுக்குப் போன சிப்பாய் என்பது என் வாதம்.

நாலு ரோட்டு இருபது பேர் விஷயத்தில் பாதி உங்கள் பக்கம். அடுத்த நாட்டுத் தலைவர் தன் ஊர் ஓட்டுக்குத்தான் பயப்படுவார், தருமபுரி அட்டைக்கு அல்ல. ஆனால் அரை மணி நேரம் அங்கேயே நின்ற நீங்கள், அந்த அட்டையில் எந்த நாட்டுப் போர் என்று எழுதியிருந்தது என்பதைக் கடிதத்தில் எங்குமே சொல்லவில்லையே. படித்தீர்களா?