செஞ்சிக்கோட்டைக்கு முட்டி வலி இருக்கறவங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?

வேளச்சேரிலேந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "பையனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட், தேசிங்குராஜா கட்டின அரண்மனை பத்தி. ஒருநாள்ல செஞ்சி போய்ட்டு வரலாம்னு இருக்கோம். அரண்மனை மலை உச்சியிலன்னு சொல்றாங்க, அம்மாவுக்கு முட்டி வலி, கூட்டிட்டுப் போறதா வேணாமா?"

தாராளமா கூட்டிட்டுப் போங்க. அரண்மனை இருந்தது கோட்டைக்குள்ள இருக்கற ராஜகிரிங்கற மலையோட அடிவாரத்துல, உச்சி வந்து எதிரி உள்ள பூந்துட்டா கடைசியா ஏறிப் பதுங்கற இடம். தொல்லியல் துறை தோண்டி வெளிய கொண்டுவந்த அரண்மனை அஸ்திவாரம், கல்யாண மகால், களஞ்சியம், ஆனைக்குளம் எல்லாமே கீழதான், அம்மா மெதுவா நடந்தே பார்த்துடலாம்.

ப்ராஜெக்ட் தலைப்பை மட்டும் தயவுசெஞ்சு மாத்தச் சொல்லுங்க. தேசிங்கு அந்தக் கோட்டையையும் கட்டல, அரண்மனையையும் கட்டல. அவர் ராஜபுத்திரர், நிஜப்பேரு தேஜ் சிங், அப்பா சொரூப் சிங் இறந்தப்புறம் 1714ல பொறுப்புக்கு வந்து அதே வருஷம் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானோட படைகிட்ட சண்டை போட்டு செத்துட்டாரு, ஒரு வருஷம்கூட முழுசா ஆளல. கதைப்பாட்டுல அவர் வாழறது நியாயம்தான், ஆனா அதுக்காக நாயக்கர் கட்டினதையெல்லாம் அவர் பேர்ல எழுதறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. தேசிங்குக்கு முன்னாடியே 1677ல மராட்டிய மன்னர் சிவாஜி கோட்டையைப் பிடிச்சு மதிலைப் பலப்படுத்தினாரு, அவர் பையன் ராஜாராம் உள்ள இருக்கும்போது மொகலாயப் படை 1690லேந்து 1698 வரைக்கும் முற்றுகை போட்டும் கோட்டைதான் கைக்கு வந்துச்சு, ராஜாராம் தப்பிச்சுட்டாரு. அப்புறம் பிரெஞ்சுக்காரன், 1761ல இங்கிலீஷ்காரன். 2025ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததே மராட்டியர் கோட்டைகள்ல ஒண்ணாதான்.

பையனை கல்யாண மகால்கிட்ட நல்லா நேரம் செலவழிக்கச் சொல்லுங்க. நடுவுல மாடி மேல மாடியா ஒரு கோபுரம், உச்சியில பிரமிட் மாதிரி கூரை, சுத்தி வளைவு வளைவா வராண்டா. இதுக்கு வெளிய இருந்த குளத்துலேந்து சுட்டமண் குழாய் பதிச்சு தண்ணி கொண்டாந்திருக்காங்க. தண்ணி இல்லாம எட்டு வருஷ முற்றுகையைத் தாக்குப்பிடிச்சிருக்க முடியுமா, கோட்டையோட உயிரே உள்ள இருக்கற குளமும் சுனையும்தான், மதிலை விட இதைத்தான் நான் முதல்ல காட்டுவேன்.

ராஜகிரி கிட்டத்தட்ட 240 மீட்டர், படி செங்குத்து, அம்மா வேண்டாம். நீங்களும் பையனும் ஏறினீங்கன்னா உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி பாறை ரெண்டா பிளந்து ஒரு ஆழமான பள்ளம் வரும், அதைத் தாண்ட ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்துல அதை எடுத்துட்டா மேல இருக்கறவங்ககிட்ட எவனும் நெருங்க முடியாது. அங்க நின்னு கீழ எட்டிப் பார்த்தா போதும், எதுக்கு இந்த மலையைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு பையனுக்கு நீங்க விளக்கவே வேணாம். கோட்டையோட இன்னொரு மலையான கிருஷ்ணகிரி உயரம் கம்மி, ஆனா ரெண்டையும் ஒரே நாள்ல வச்சுக்காதீங்க.

திண்டிவனம் வழியா போங்க, விடிகாலையிலயே கிளம்பிடுங்க, வெயில் ஏறிட்டா பாறை சுடும், லேட்டாப் போனா மேல விடவும் மாட்டாங்க. தண்ணி பாட்டில் நிறைய எடுத்துக்கோங்க, தின்பண்டத்தை கையில வச்சுக்காதீங்க, குரங்கு பிடுங்கிடும்.

பாண்டிச்சேரி பக்கம் போற வேலை இருந்தா பீச்ல காந்தி சிலையைச் சுத்தி நிக்கிற கல்தூண்களையும் பையனுக்குக் காட்டுங்க, அதெல்லாம் செஞ்சியிலேந்து போனதுதான்.