கூரையில் சோலார், வாசலில் மின்சார கார்: கணக்கு எப்படி வரும்?

தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். காருக்கு மட்டும் எவ்வளவு பேனல் வேண்டும் சார்?

100 கிலோமீட்டருக்கு 15 முதல் 18 யூனிட் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு ஏழு, சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து எட்டு. நல்ல வெயில் இருந்தால் 1 கிலோவாட் பேனல் நாளுக்கு 4 யூனிட் தரும், ஆக 2 கிலோவாட் போதும். ஆனால் நண்பகலில் கார் எங்கே நிற்கிறது?

காலையில் போனால் இருட்டித்தான் வீடு திரும்புவேன். அப்போ பகல் கரண்ட் வீணா?

வீணாகாது, மின்வாரியக் கம்பிக்குப் போகும். அங்கே நீங்கள் அனுப்பியதை உங்கள் பில்லில் யூனிட்டுக்கு யூனிட் கழிக்கிறார்கள் என்றால் கவலையே இல்லை, இரவில் தாராளமாகச் சார்ஜ் போடுங்கள். பல இடங்களில் அப்படி இல்லை. நீங்கள் வாங்கும் யூனிட் 10 ரூபாய், அவர்கள் உங்களிடம் எடுப்பது 4 ரூபாய் என்றால், பகலில் நாலுக்கு விற்றுவிட்டு ராத்திரி பத்துக்கு வாங்குகிறீர்கள். பகலிலேயே காரில் ஏற்றினால் யூனிட்டுக்கு 6 மிச்சம். பத்தும் மிச்சம் என்று சொல்லாதீர்கள், விற்றிருந்தால் நாலு வந்திருக்குமே. வெயில் கரண்ட் சும்மா கிடைப்பதில்லை.

அப்படியானால் வீட்டுக்கு ஒரு பேட்டரி வாங்கிவிடலாமா?

காருக்காக மட்டும் என்றால் வேண்டாம். ஒரு பேட்டரியை நிரப்ப இன்னொரு பேட்டரி வாங்குவது அது, ஏற்றி இறக்குவதில் பத்தில் ஒரு பங்கு போய்விடும், அப்புறம் காரில் ஏற்றும்போதும் கொஞ்சம் போகும். அடிக்கடி மின்வெட்டு இருந்தால் அது வேறு கதை.

கரண்ட் போனால் சோலாரில் கார் சார்ஜ் ஆகுமா அண்ணே?

பேனல் கரண்ட்டை வீட்டு கரண்ட்டாக மாற்றும் சாதாரண சோலார் இன்வெர்ட்டரில் ஆகாது, வெயில் கொளுத்தினாலும் அது நின்றுவிடும். உங்கள் கரண்ட் கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே.

பெட்ரோல் செலவு மிச்சமாவதால் நாலே வருஷத்தில் சோலார் காசு வந்துவிடும் என்கிறார் விற்பவர்.

கணக்கைக் கலக்குகிறார். பெட்ரோல் மிச்சம் காரால் வருவது, பேனலே இல்லாமல் வீட்டு கரண்ட்டில் ஓட்டினாலும் அதில் பெரும்பகுதி கிடைக்கும். சோலாரின் பங்கு என்பது மின்வாரியத்திடம் வாங்காமல் மிச்சமாகும் காசும், விற்று வரும் காசும் மட்டும்தான். அதை வைத்துத் திரும்பக் கணக்குப் போடச் சொல்லுங்கள், பேனல் வருஷத்துக்கு அரை சதவீதம் போலத் தேய்வதையும், 10, 15 வருஷத்தில் இன்வெர்ட்டர் மாற்றுவதையும் சேர்த்து. நாலு வருஷம் நிற்கிறதா என்று அப்போது தெரியும்.

கூரையில் 3 கிலோவாட், சார்ஜர் 7. சரியா?

சார்ஜர் முழு வேகத்தில் ஓடினால் மிச்ச 4 கிலோவாட்டை வெளியிலிருந்துதான் இழுக்கும். நான் வீட்டில் இருக்கும் நாளில் 6 ஆம்பியருக்குக் குறைத்துவிடுவேன், 230 வோல்ட்டில் அது 1.4 கிலோவாட்தான். மேகம் கடக்கும்போது மீட்டரில் எண் லேசாக ஏறி இறங்கும், அவ்வளவே. ஐந்து மணி நேரத்தில் ஏழு யூனிட் ஏறிவிடுகிறது.