கண்ணுக்காக அச்சிட்ட எண்கள்

அன்புள்ள ஐயா,

நான் ஆய்வு மாணவன். எனக்கு முன் இதே திட்டத்தில் வேலை செய்தவர் விட்டுப்போன 340 டெக்ஸ்ட் கோப்புகள் என்னிடம் இருக்கின்றன. பெரும்பாலும் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டிய ரெக்ரஷன் (ஓர் அளவு மற்ற மாறிகளைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்ற கணக்கு) முடிவுகள். சில எஸ்பிஎஸ்எஸ் என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளில் ஓட்டியவை. மூலத் தரவு கிடைக்கவில்லை. ஒவ்வொரு கோப்பிலிருந்தும் கெழு (மாறியின் விளைவின் அளவு), திட்டப்பிழை (அந்த அளவின் நிச்சயமின்மை), பி-மதிப்பு (விளைவே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் நிகழ்தகவு) மூன்றையும் எடுத்து ஒரே அட்டவணையாக்க வேண்டும். இடைவெளியை வைத்து வரிகளைப் பிரித்தேன். பாதிக் கோப்புகளில் எண்கள் நெடுவரிசை மாறி விழுகின்றன. பேசாமல் கையால் தட்டச்சு செய்துவிடலாமா? பி-மதிப்பு சில இடங்களில் 'விடச் சிறியது' குறியோடு இருக்கிறது, சில இடங்களில் .000 என்று இருக்கிறது. அங்கெல்லாம் பூஜ்யம் என்று போடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கையால் வேண்டாம். பூஜ்யம் கூடவே கூடாது.

முதலில் ஒரு சந்தேகம். மூலத் தரவு உண்மையிலேயே இல்லையா? ஆரை மூடும்போது 'வேலையைச் சேமிக்கவா' என்று அது கேட்கும். ஆமாம் என்று சொல்லியிருந்தால், அப்போது நினைவகத்தில் இருந்ததெல்லாம் ஆர்டேட்டா என்ற கோப்பாக அதே ஃபோல்டரில் இறங்கியிருக்கும். அந்தப் பெயர் புள்ளியில் தொடங்குவதால் லினக்ஸிலும் மேக்கிலும் சாதாரணமாகக் கண்ணில் படாது. மறைகோப்புகளைக் காட்டச் சொல்லி ஒருமுறை தேடுங்கள். கிடைத்தால் இந்தக் கடிதத்தின் மீதியைப் படிக்கவே தேவையில்லை. மாடலுக்குப் பெயர் கொடுத்து வைத்திருந்தால் அது உள்ளே முழு எண்களோடு அப்படியே இருக்கும். புரூம் என்ற பேக்கேஜில் டைடி என்று ஒரு கட்டளை கொடுத்தால் அட்டவணையாக வந்துவிடும்.

கிடைக்கவில்லையா? சரி, டெக்ஸ்ட்டோடு மல்லுக்கட்டுவோம்.

உங்கள் நெடுவரிசைகள் ஏன் இடம் மாறுகின்றன என்பதை ஒரு சின்ன மாடலில் பார்க்கலாம். ஆரோடு கூடவே வரும் எம்டிகார்ஸ் என்ற தரவு, 1974-ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்கக் கார் இதழிலிருந்து எடுத்தது, மொத்தம் 32 கார்கள். மைலேஜை எடையின் மீது ரெக்ரஷன் ஓட்டினால் சம்மரி என்ற முடிவுச் சுருக்கத்தில் இந்த இரண்டு வரிகள் வரும் (ஆங்கில எழுத்துகளைத் தமிழில் மாற்றியிருக்கிறேன்; பெயருக்குப் பின் வரிசையாகக் கெழு, திட்டப்பிழை, டி, பி, கடைசியில் முக்கியத்துவத்தைக் காட்டும் நட்சத்திரங்கள்; இன்டர்செப்ட் என்பது எடை பூஜ்யமானால் வரும் மதிப்பு; இ-16 என்றால் பத்தின் மைனஸ் 16-ஆம் அடுக்கால் பெருக்குவது):

(இன்டர்செப்ட்) 37.2851 1.8776 19.858 < 2இ-16 ***
எடை -5.3445 0.5591 -9.559 1.29இ-10 ***

இடைவெளியில் வெட்டிப் பாருங்கள். முதல் வரியில் 7 துண்டுகள், இரண்டாவதில் 6. காரணம், 'விடச் சிறியது' குறிக்கும் 2-க்கும் நடுவே ஆர் ஓர் இடைவெளி விடுகிறது. சில கோப்புகளில் அந்த இடைவெளி இருக்காது, ஒட்டி வரும். தலைப்பு வரி இன்னும் மோசம்: 'ஸ்டாண்டர்ட் எரர்', 'டி வேல்யூ' இரண்டும் இரண்டிரண்டு சொற்கள். முக்கியத்துவம் இல்லாத கெழுவுக்கு நட்சத்திரமே வராது, ஒரு துண்டு குறையும். பி-மதிப்பு 0.05-க்கும் 0.1-க்கும் நடுவே விழுந்தால் நட்சத்திரத்துக்குப் பதில் வெறும் புள்ளி. சாஸ் என்ற வேறொரு புள்ளியியல் மென்பொருளில் பழகியவர்கள் அதை விடுபட்ட மதிப்பு என்று நினைத்துவிடுவார்கள், ஏனென்றால் அங்கே புள்ளிக்கு அதுதான் பொருள்.

ஆகவே வரியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். முதலில் 'விடச் சிறியது' குறியையும் அடுத்த எண்ணையும் ஒட்டவையுங்கள். கடைசித் துண்டில் நட்சத்திரமோ தனிப் புள்ளியோ மட்டும் இருந்தால் தூக்கி எறியுங்கள். இப்போது வலது ஓரத்திலிருந்து நான்கு துண்டுகள்: பி, டி, திட்டப்பிழை, கெழு. மிச்சம் எத்தனை துண்டு இருந்தாலும் அத்தனையும் சேர்ந்து மாறியின் பெயர். இடமிருந்து எண்ணினால், பெயருக்குள் இடைவெளி இருக்கும் ஒரே ஒரு மாறி போதும், எல்லாம் கவிழ்ந்துவிடும்.

எந்த வரியில் தொடங்குவது? வரி எண்ணை நம்பாதீர்கள். நான் நம்பியிருக்கிறேன். 'பதினான்காவது வரியில் அட்டவணை' என்று எழுதி வைத்தேன். ஒரு கோப்பில் மட்டும் மேலே ஓர் எச்சரிக்கை வரி கூடுதலாக வந்து எல்லாவற்றையும் ஒரு வரி கீழே தள்ளிவிட்டது. இன்டர்செப்ட்டை எடையின் கெழு என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். நிரல் எந்தப் பிழையும் சொல்லவில்லை, அதற்குத் தேவை ஓர் எண், கிடைத்துவிட்டது. கோயஃபிஷியன்ட்ஸ் (கெழுக்கள்) என்ற சொல்லில் தொடங்கும் வரியைத் தேடி, அங்கிருந்து அடுத்த வெற்று வரி அல்லது கோடு வரை எடுங்கள். 'தொடங்கும்' என்பது முக்கியம். ஒன்றுக்கொன்று முழுக்கச் சார்ந்த மாறிகள் மாடலில் இருந்தால் அதே வரியில் 'இத்தனை கெழுக்கள் வரையறுக்கப்படவில்லை' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வாக்கியம் ஒட்டிக்கொள்ளும். முழு வரியும் பொருந்த வேண்டும் என்று எழுதியிருந்தால் அந்தக் கோப்பு சத்தமில்லாமல் நழுவிவிடும். அத்தகைய மாறிக்கு நான்கு இடத்திலும் என்ஏ ('மதிப்பு இல்லை') இருக்கும். அதை விடுபட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி: ஆர் இயல்பாக 80 எழுத்து அகலத்துக்குள் அச்சிடும். மாறியின் பெயர் மிக நீளமாக இருந்தால் அட்டவணை உடைந்து, கடைசி நெடுவரிசைகள் கீழே தனித் தொகுதியாக வரும், பெயர்கள் திரும்ப அச்சாகும். ஒரே கோப்பில் ஒரு பெயர் இரண்டு முறை வந்தால் நிரலை நிறுத்தச் சொல்லுங்கள். அவற்றைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், எடுத்தது சரியா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் இந்த வகை அட்டவணை நமக்கு உதவுகிறது. கெழுவைத் திட்டப்பிழையால் வகுத்தால் டி வர வேண்டும். -5.3445 வகுத்தல் 0.5591, விடை -9.559. 340 கோப்புகளிலும் ஒவ்வொரு வரிக்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள். கடைசி இலக்கத்தில் சிறு வித்தியாசம் வந்தால் அது முழுமையாக்கியதால். அதற்கு மேல் வந்தால் நெடுவரிசை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கையால் தட்டச்சு செய்தாலும் இந்தச் சோதனை வேண்டும், அப்படியிருக்க எதற்குக் கை?

பூஜ்யக் கேள்விக்கு வருகிறேன். '< 2இ-16' என்பது மதிப்பே அல்ல, ஒரு மேல்வரம்பு. .000 என்பது 0.0005-க்குக் குறைவு என்று மட்டும் சொல்கிறது. பூஜ்யம் போட்டுவிட்டு நாளைக்கு மடக்கை எடுத்தால் முடிவிலி வந்து நிற்கும். ஆனால் டி மதிப்பும் கட்டற்ற எண்ணும் (தரவு எண்ணிக்கையில் கெழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தது) கோப்பிலேயே இருக்கின்றனவே. மேலே சொன்ன மாடலில் கட்டற்ற எண் 30, டி 19.858. டி-பரவலில் இருபக்க நிகழ்தகவைக் கணக்கிட்டால் சுமார் 8.2இ-19 கிடைக்கும். அச்சு மறைத்ததை இப்படி மீட்கலாம். அட்டவணையில் அச்சிட்டிருந்த வடிவத்தை ஒரு நெடுவரிசையிலும், நீங்கள் கணக்கிட்டதை இன்னொன்றிலும் வையுங்கள். ஒன்றின் மேல் மற்றதை எழுத வேண்டாம்.

மீட்க முடியாததும் உண்டு. எஸ்பிஎஸ்எஸ்ஸில் வருமானம் போன்ற பெரிய அளவுள்ள மாறிக்குக் கெழுவே .000, திட்டப்பிழையும் .000 என்று அச்சாகியிருக்கலாம். டி மட்டும் நன்றாக இருக்கும். அந்தக் கெழு டெக்ஸ்ட்டில் இல்லை, எந்த ரெகுலர் எக்ஸ்பிரஷனாலும் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் முறை) கொண்டுவர முடியாது. டெக்ஸ்ட்டுக்குப் பதில் எஸ்பிவி (எஸ்பிஎஸ்எஸ்ஸின் சொந்த முடிவுக் கோப்பு வடிவம்) கோப்பு எங்காவது கிடைக்கிறதா என்று பாருங்கள்; அதில் அட்டவணையைத் திறந்து அந்தக் கட்டத்தை இரட்டைக் கிளிக் செய்தால் முழு எண் தெரியும்.

எஸ்பிஎஸ்எஸ் கோப்புகள் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. இருபதுக்குள் என்றால், முதலில் சொன்னதை நானே மாற்றிக்கொள்கிறேன்: அவற்றை மட்டும் கையால் அடியுங்கள், வெவ்வேறு நாளில் இரண்டு முறை, பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். அத்தனை குறைவான கோப்புகளுக்காக இன்னொரு நிரல் எழுத உட்கார்ந்தால் அந்த வாரம் போய்விடும்.